மேசையைச் சுற்றி எத்தனை தேசம்? வெளிநாடு பார்த்த டைரக்டர்களும் கம்பெனி லாபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கம்பெனி செக்ரட்டரியாக இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். போர்டு மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவதுதான் பிழைப்பு. டிசம்பர் வந்தால் சிங்கப்பூர், மலேசியப் பிள்ளைகள் லீவுக்கு ஊர் திரும்புவார்கள். அவர்கள் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிய மூன்றாம் நாள் எனக்கு போன் வரும். "சார், தம்பி வந்திருக்கான். அங்கே பெரிய பொறுப்பில் இருந்தவன். போர்டில் போட்டுடலாமா? கம்பெனிக்கு நல்லதுதானே?"

நல்லதா என்பதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி நேரம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் ஆராய்ச்சி, கொஞ்சம் சட்டம், மிச்சம் நான் கண்ணால் பார்த்தது.

டைரக்டர் எந்த நாட்டில் இருந்தார் என்பதற்கும் கம்பெனி லாபத்துக்கும் என்ன சம்பந்தம்?

1984இல் டொனால்ட் ஹாம்ப்ரிக், ஃபிலிஸ் மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு கம்பெனி எடுக்கும் முடிவுகளில் அதன் மேல்மட்டத்தில் இருப்பவர்களின் வயது, படிப்பு, பார்த்த வேலை, வளர்ந்த சூழல் எல்லாம் படிந்திருக்கும் என்பது அதன் சாரம். எதிரில் கிடக்கும் ஆயிரம் தகவலில் எது கண்ணில் படும், எது படாமல் போகும் என்பதை அந்தப் பழக்கம்தான் முடிவு செய்கிறது. இந்தத் துறையில் இன்றுவரை நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளம்பியவைதான்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மன்னார்குடியில் நெல் மண்டியிலேயே வளர்ந்தவர் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சிங்கப்பூரில் இறக்குமதி ஆபீசில் இருந்தவருக்கு அது வராது. ஆனால் அங்கே பொன்னி அரிசி இறக்க லைசென்ஸ் வேண்டும், மாத இறக்குமதி அளவைப் போல இரண்டு மடங்கை அரசு சொல்லும் கிடங்கில் இருப்பு வைக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அங்குள்ள வியாபாரி ஏன் ஆர்டரைக் கூட்டத் தயங்குகிறார் என்று மண்டிக்காரர் தலையைச் சொறியும்போது இவர், "ஆர்டர் கூடினால் இருப்பும் கூட்டணும், அவர் பணம் அதில் முடங்கும்" என்று சொல்லிவிடுவார். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தால் விலை பேசும் விதமே மாறும்.

"சர்வதேசப் பின்னணி" என்றால் பாஸ்போர்ட்டா?

ஆராய்ச்சியாளர்கள் வசதிக்காகப் பல நேரம் பாஸ்போர்ட்டைத்தான் எண்ணுகிறார்கள். ஆண்டறிக்கையில் எளிதாகக் கிடைக்கும் தகவல் அது. ஆனால் அதை நம்பினால் காரைக்காலில் கவிழ்ந்துவிடுவோம். பிரெஞ்சு ஆட்சி போனபோது அந்த நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தாலும் பாரிஸில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர் இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு ராட்டர்டாம் துறைமுகத்தில் பதினைந்து வருஷம் சரக்கு இறக்கியவரும் இருக்கலாம். இவர்களில் யாருக்கு "வெளிநாட்டுப் பின்னணி" என்பீர்கள்?

எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். இந்திரா நூயி மெட்ராஸில் பிறந்து மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் படித்து, கல்கத்தாவில் நிர்வாகம் பயின்று, அப்புறம் யேல் போனவர். 2006 முதல் 2018 வரை பெப்சிகோ தலைமை அதிகாரி. அவரை "இந்தியர்" என்று ஒரு கட்டத்தில் அடைப்பதும் தப்பு, "அமெரிக்கர்" என்று அடைப்பதும் தப்பு. மூன்றில் எனக்குக் கனமாகத் தெரிவது வேலை பார்த்த இடம். அதிலும் அங்கே என்ன முடிவெடுக்கும் நிலையில் இருந்தார் என்பது. நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் பயணம் போய்ச் சம்பாதிப்பவர்களைச் சபராளி என்பார்கள். முப்பது வருஷ சபராளியாக இருந்தும் கம்பெனி கேம்ப்பை விட்டு வெளியே போகாதவர்களை எனக்குத் தெரியும். அது அவர்கள் குற்றம் இல்லை, வேலை அப்படி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். லாபம் கூடுமா, கூடாதா?

சில இடத்தில் கூடியிருக்கிறது, சில இடத்தில் குறைந்திருக்கிறது.

2003இல் வந்த ஓர் ஆய்வு நார்வே, ஸ்வீடன் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. போர்டில் ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்த வெளியாள் இருந்த கம்பெனிகளின் சந்தை மதிப்பு கூடுதலாக இருந்தது. 2013இல் சுவிட்சர்லாந்துக் கம்பெனிகளை வைத்து வந்த ஆய்விலும், நிர்வாகக் குழுவில் பல நாட்டவர் இருந்தால் செயல்பாடு நன்றாக இருந்தது. அந்தக் குழு பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்திருந்தால், கம்பெனிக்கு வெளிநாட்டு வியாபாரம் நிறைய இருந்தால், அந்தத் தொழிலே நல்ல காலத்தில் இருந்தால் பலன் இன்னும் கூடியது. 2016இல் பிரிட்டன் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு வந்த விடை நேர் எதிர். போர்டில் கலாச்சார வேறுபாடு கூடக் கூட, செயல்பாடு குறைந்தது. ஆனால் சிக்கலான, வெளிநாட்டு விற்பனை அதிகமுள்ள கம்பெனிகளில் அந்தக் குறை தணிந்தது.

மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒரு இழை தெரிகிறது. வியாபாரம் கடல் தாண்டிப் போகிறதென்றால், கடல் தாண்டிய ஆளால் பலன் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ளேயே விற்பவருக்கு அவரால் பெரிதாக ஒன்றும் இல்லை, மீட்டிங் நேரம் மட்டும் கூடும்.

அப்படியானால் வெளிநாட்டு டைரக்டரால் நஷ்டம் எப்படி வரும்? சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன கெடுதல்?

சும்மா உட்கார்ந்திருப்பதே கெடுதல். 2012இல் அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து வந்த ஆய்வு இதைத்தான் பிடித்தது. வெளிநாட்டில் வசிக்கும் சுயாதீன டைரக்டர் (நிர்வாகத்தில் இல்லாத வெளியாள்) இருந்த கம்பெனிகள், அவருடைய பகுதியில் வேறு கம்பெனியை வாங்கும்போது நல்ல முடிவெடுத்தன. அது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தில், அந்த டைரக்டர்கள் மீட்டிங்குக்கு வருவது குறைவு. அப்படிப்பட்ட கம்பெனிகளில் கணக்கைத் திரித்துக் காட்டுவது அதிகம், தலைமை அதிகாரியின் சம்பளம் அதிகம், லாபம் குறைந்தாலும் அவரை யாரும் அசைப்பதில்லை. டைரக்டரின் சொந்தப் பகுதியில் கம்பெனிக்கு வியாபாரம் குறையக் குறைய, கம்பெனியின் செயல்பாடும் மோசமானது.

தூரத்தில் இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார் என்பதை நிர்வாகம் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறது. நம் பக்கத்தில் இதற்கு ஆய்வே தேவையில்லை. வெளியூர்க்காரர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் ஒரு தென்னை நார்க் கம்பெனி. 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதில் மட்டை வரத்து பாதியாக விழுந்தது. இருக்கிற சரக்குக்கு நல்ல விலை கிடைத்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை. நார்த்தூளை ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். பெரியவர் சேர்மன். இரண்டு மகன்கள் டைரக்டர்கள். மூத்த மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் கம்பெனியில் பதினான்கு வருஷம் இருந்தவர். ஐந்தாவது ஆள் பெரியவரின் தம்பி மகன். அவர் நெதர்லாந்தில் வெஸ்ட்லாந்து பக்கம் கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி வளர்க்கும் பண்ணையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். சூப்பர்வைசர்தான், பெரிய பதவி கிடையாது.

டச்சு வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு கன்டெய்னர் சரக்கைக் குறை சொல்லி விலையைக் குறைத்துவிட்டார். மீட்டிங்கில் மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் பேசினார். கன்டெய்னர் வாடகை, கொழும்பு வழியா தூத்துக்குடி வழியா, இன்சூரன்ஸ், எல்லாம் விவரமான பேச்சு. மகன்கள் தலையாட்டினார்கள். கட்டியின் ஓரம் உடையாமல் இன்னும் நன்றாக பேக் செய்து போட்டோ அனுப்பலாம் என்று தீர்மானம். நான் எழுதிக்கொண்டேன். தம்பி மகன் வாயைத் திறக்கவில்லை. காபி வந்தபோது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், "சார், அவங்க கட்டியைப் பார்த்து வாங்கலை. தண்ணியை அளந்து வாங்குறாங்க."

நார்த்தூளில் உப்பு இருக்கும். கடலோரத் தென்னை என்றால் இன்னும் அதிகம். அதை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைக் குறைக்க வேண்டும். உப்பின் அளவை மின்கடத்துதிறன் என்று அளக்கிறார்கள், தொழிலில் ஈ.சி. என்பார்கள். தக்காளிப் பண்ணைக்காரர் கேட்பது 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே. மிச்சமிருக்கும் சோடியத்தை வெளியேற்ற கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கவும் சொல்வார்கள். ஆர்.எச்.பி. என்ற டச்சுத் தரமுத்திரை ஒன்று இருக்கிறது. அது இருந்தால் பேச்சே வேறு. இவையெல்லாம் அந்தப் பையனுக்கு அத்துப்படி. ஆனால் பெரியப்பா முன்னால், அதுவும் வீட்டு மூத்த மாப்பிள்ளை பேசி முடித்த பிறகு, எதிர்த்து ஒரு வார்த்தை எப்படிச் சொல்வது?

அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் நான் பெரியவரிடம் போய், இந்தத் தடவை சின்னவரை முதலில் பேச விடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் சரி என்றார். பையன் ஒரு பையிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறிய நார்த்தூள், ஒன்று கழுவாதது, ஒன்று கழுவியது. பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டார். முதல் டம்ளரில் 2.8, இரண்டாவதில் 0.4. பெரியவர் மீட்டரை வாங்கித் தானே ஒருமுறை விட்டுப் பார்த்தார். "கழுவ எவ்வளவு தண்ணி புடிக்கும்?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்து மீட்டிங் இரண்டரை மணி நேரம் போனது.

போன வருஷம் முழுக்க அந்தப் பையன் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அனுபவமும் அப்போதே இருந்தது.

பெரியவர் முன் பேசாமல் இருப்பது நம் பண்பாடுதானே. அதை எப்படி மாற்றுவது?

பண்பாட்டை மாற்ற நான் ஆள் இல்லை. பேசும் வரிசையை மாற்றலாம். கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கேள்வித்தாள்களை வைத்து, மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு சமூகமும் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்று எண் போட்டார். இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38. ஒரு தேசத்தையே எண்ணில் அடக்குவது எனக்கு ஒப்பாத காரியம். இருந்தாலும் மினிட்ஸ் எழுதுகிறவனுக்கு அந்த இடைவெளி புரியும். நெதர்லாந்தில் ஆறு வருஷம் மேலதிகாரியோடு சரிக்குச் சமமாக வாதம் செய்த பையன், பேராவூரணி வந்ததும் 77க்குத் திரும்பிவிட்டான்.

நான் சொல்வது மூன்று சின்ன ஏற்பாடு. வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும், சேர்மன் கடைசியில். மீட்டிங்குக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான் பெயர் சொல்லாமல் வாசிப்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் மினிட்ஸில் அதையும் எழுத வேண்டும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "வீட்டுச் சண்டையைப் புத்தகத்தில் ஏத்துறீங்களே" என்பார்கள்.

இந்த வேறுபாட்டை எப்படி அளக்கிறார்கள்?

பெரும்பாலும் பிளாவ் குறியீடு. ஒவ்வொரு பிரிவினரின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். ஐந்து பேரில் மூவர் இந்தியர், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் ஜெர்மனி என்றால் 0.36, 0.04, 0.04. கூட்டினால் 0.44. ஒன்றில் கழித்தால் 0.56. எல்லாரும் ஒரே நாடு என்றால் பூஜ்யம்.

நார்க் கம்பெனியைப் பாஸ்போர்ட் வைத்து அளந்தால் பூஜ்யம், ஐந்து பேரும் இந்தியர். வேலை பார்த்த நாட்டை வைத்து அளந்தால் மூன்று பேர் இங்கே, இரண்டு பேர் வெவ்வேறு நாடு, அதே 0.56 வந்துவிடும். ஒரே மேசை, இரண்டு எண். ஆய்வு முடிவைப் படிக்கும்போது எதை எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். லாபத்தை எதை வைத்துப் பார்த்தார்கள் என்பதையும். சிலர் சொத்துக்கு எவ்வளவு லாபம் என்று பார்ப்பார்கள், சிலர் டோபின் கியூ என்று சந்தை மதிப்பைச் சொத்தின் மதிப்பால் வகுப்பார்கள். நம் பிரைவேட் லிமிடெட்டுகளுக்குச் சந்தை மதிப்பே கிடையாது, ஆகவே இரண்டாவது நமக்கு ஒத்துவராது.

இரண்டு பேர் இங்கே, இரண்டு பேர் துபாய். சரிபாதி, நல்ல கலவைதானே?

எனக்குப் பயமாக இருக்கும் கலவை அதுதான். 1998இல் லாவ், மர்னிகன் என்ற ஆய்வாளர்கள் இதற்குப் "பிளவுக்கோடு" என்று பெயர் வைத்தார்கள். பூமியில் பாறைகள் பிரியும் கோடு மாதிரி. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் துபாயில் இருக்கும் இருவரும் இளையவர்கள், மருமகன்கள், பணம் போட்டவர்கள். இங்கே இருக்கும் இருவரும் மூத்தவர்கள், மகன்கள், உழைப்பைப் போட்டவர்கள் என்று எல்லா வித்தியாசமும் ஒரே கோட்டில் விழுந்தால், போர்டு இரண்டு கட்சியாகிவிடும். அதற்குப் பிறகு சிமென்ட் விலையில்கூட ஒற்றுமை வராது.

பெரிய இடத்திலும் இதைப் பார்த்தாயிற்று. கார் கம்பெனிகளான ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் 1998இல் சமமானவர்களின் இணைப்பு என்று சொல்லிச் சேர்ந்தன. 2007இல் பிரிந்தன. சம்பளம், முடிவெடுக்கும் முறை, யார் யாருக்குக் கீழே என்பது வரை எல்லாமே நாட்டுக் கோட்டிலேயே பிளந்தது.

கலவை வேண்டுமென்றால் கோடு குறுக்கே ஓடட்டும். வெளிநாடு போய்வந்தவர்களில் ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். உள்ளூரிலும் அப்படியே.

டெல்டாவில் முன்பு இப்படி நடந்ததுண்டா?

நானூறு வருஷக் கதை இருக்கிறது. தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் வந்தது எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் கோபன்ஹேகனில் தொடங்கியபோது ஆசியாவில் வியாபாரம் செய்த டேனிஷ்காரர் அதிகம் இல்லை. அதனால் டச்சுக்காரரான ரோலண்ட் கிராப்பே என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்து நம் சோழமண்டலக் கரையை அறிந்தவர். படைத்தலைவராக வந்த ஓவே கியெட்டேவுக்குக் கிளம்பும்போது வயது இருபத்துமூன்று. பிரபு வீட்டுப் பிள்ளை, கிழக்கைப் பார்த்ததில்லை.

கிராப்பேயின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் மூழ்கடித்தார்கள். ஒரு சில ஆட்களோடு தப்பித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். ரகுநாத நாயக்கருக்கும் போர்த்துகீசியர் தவிர இன்னொரு வாடிக்கை தேவையாக இருந்தது. 1620 நவம்பரில் ஒப்பந்தம், அதன்பின் டேன்ஸ்போர்க் கோட்டை. கியெட்டே ஊர் திரும்ப, தரங்கம்பாடியைப் பல வருஷம் நடத்தியவர் அந்த டச்சுக்காரர்தான். கரையை அறிந்தவரை வைத்ததன் பலன் அது.

ஆனாலும் அந்தக் கம்பெனி 1650இல் கலைந்துவிட்டது. கோபன்ஹேகனில் பணம் இல்லை, சண்டை வேறு. அப்புறம் ஒரு தலைமுறைக் காலம் அங்கிருந்து கப்பலே வரவில்லை, 1669இல்தான் அடுத்தது வந்தது. தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரில் சாய்ந்து நிற்கும் போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். இந்தப் பக்கம் ஆள் கெட்டிக்காரர், அந்தப் பக்கம் முதல் வரவில்லை.

கிட்டத்தில் பார்த்தால் திருவெறும்பூர் பி.எச்.இ.எல். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு அமைந்து 1965இல் உற்பத்தி தொடங்கிய கொதிகலன் ஆலை. துவாக்குடியைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்ததற்கு வேர் அது. அங்கே வந்தது வெளிநாட்டுத் தொழில்நுட்பம். வேலை கற்றவர்கள் இங்கேயே தங்கினார்கள், ஆகவே அனுபவமும் தங்கியது.

வெளிநாட்டவரை நேரடியாகத் தலைமையில் வைத்தால்?

இரண்டு ஜப்பானியக் கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999இல் பிரான்சின் ரெனோ, கடனில் தவித்த நிசானில் பங்கு வாங்கி கார்லோஸ் கோஸ்னை அனுப்பியது. பிரேசிலில் பிறந்து, லெபனானிலும் பாரிஸிலும் படித்தவர். வந்ததும் வெளியாட்களைக் கொண்டு திட்டம் போடவில்லை. நிசான் ஊழியர்களையே பல துறையிலிருந்து எடுத்து ஒன்பது குழுக்களாகப் பிரித்து வழி கேட்டார். ஜப்பானில் ஐந்து ஆலைகளை மூடினார், உள்ளூர்க்காரர் யாருக்கும் வராத துணிச்சல் அது. கம்பெனி லாபத்துக்குத் திரும்பியது. கதை அங்கே முடிந்திருந்தால் பாடப் புத்தகம். 2018 நவம்பரில் அவர் கைதானார், அடுத்த ஆண்டு இறுதியில் நாட்டைவிட்டே தப்பினார். கேள்வி கேட்காத போர்டு என்ற விஷயம் இங்கும் வருகிறது.

இன்னொன்று கேமரா கம்பெனியான ஒலிம்பஸ். பிரிட்டிஷ்காரரான மைக்கேல் உட்ஃபோர்ட் அந்தக் கம்பெனியிலேயே முப்பது வருஷம் இருந்தவர். 2011 அக்டோபரில் தலைமை அதிகாரி ஆனார். பெரிய தொகைகள் எங்கே போயின என்று கேட்டார். இரண்டே வாரத்தில் போர்டு அவரை நீக்கியது. பல வருஷமாக மறைத்துவைத்த நஷ்டம் அப்புறம் வெளியே வந்தது. உள்ளே வளர்ந்தவர்கள் கேட்காத கேள்வியை வெளியிலிருந்து வந்தவர் கேட்டார். அதனால் அந்த வருஷம் பங்கு விலை சரிந்தது உண்மைதான். வெறும் லாபக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

திரும்பி வரும் நம் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது ஆதாரம் உண்டா?

சீனாவில் உண்டு. 2015இல் வந்த ஓர் ஆய்வு, வெளிநாட்டில் படித்தோ வேலை பார்த்தோ திரும்பியவர்கள் போர்டில் சேர்ந்த பிறகு கம்பெனிகளின் லாபமும் உற்பத்தித்திறனும் மதிப்பும் கூடியதைக் காட்டியது. எனக்கு அதில் பிடித்தது கணக்குப் போட்ட விதம். நன்றாக ஓடும் கம்பெனிதான் நல்ல ஆளை இழுக்கும், ஆகவே ஆளால் லாபமா, லாபத்தால் ஆளா என்ற சந்தேகம் இந்த மாதிரி ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் உண்டு. சீன மாகாணங்கள் வெளிநாட்டிலிருந்து திறமைசாலிகளை அழைக்கும் சலுகைகளை வெவ்வேறு ஆண்டுகளில் அறிவித்தன. அந்த முன்பின்னை வைத்து எது காரணம், எது விளைவு என்று பிரித்தார்கள்.

நம் பக்கத்து ஆள் என்றால் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு. பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், சான்டியாகோவில் குவால்காமில் வேலை, 1996இல் தொடங்கிய கம்பெனி இன்றைய ஜோஹோ. அவருடைய வெளிநாட்டு அனுபவம் தென்காசி பக்கத்துக் கிராமத்தில் ஆபீஸ் திறப்பதில் போய் முடிந்தது சுவாரசியம்.

"வேறுபாடு இருந்தால் 35 சதவீதம் கூடுதல்" என்று ஒரு ஸ்லைடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே?

மெக்கின்சி என்ற ஆலோசனைக் கம்பெனியின் 2015 அறிக்கையில் வரும் எண் அது. அதில் பார்த்தது இன வேறுபாட்டை. அதிலும் துறையின் நடுமட்ட லாபத்தைவிட மேலே இருக்கும் வாய்ப்புதான் 35 சதவீதம் கூடுதல், லாபம் 35 சதவீதம் கூடும் என்று இல்லை. 2024இல் கிரீன், ஹேண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளை வைத்து அதே மாதிரிக் கணக்கைப் போட்டார்கள். அந்தத் தொடர்பு வரவில்லை. ஸ்லைடை அனுப்புகிறவர் உங்களுக்கு எதையாவது விற்க வந்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிசி ஏற்றுமதிக்கு வெளிநாட்டு அனுபவம் உதவுமா?

வாங்குபவரைப் புரிந்துகொள்ள உதவும். டெல்லியைப் புரிந்துகொள்ள உதவாது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது, ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி. மலேசியாவில் இருபது வருஷம் இருந்த டைரக்டராலும் அதைத் தள்ள முடியவில்லை. 2024 செப்டம்பர், அக்டோபரில் அவை விலகும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

நுகர்பொருள் வாணிபக் கழக நெல்லை மட்டும் அரைத்துக் கொடுக்கும் மில். நமக்கும் வெளிநாடு பார்த்த டைரக்டர் வேண்டுமா?

வேண்டாம். நல்ல ஆடிட்டரும் நல்ல பாய்லர் ஆளும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகள் சட்டம், 2013 வெளிநாட்டில் வசிப்பவரையோ வெளிநாட்டவரையோ டைரக்டராகப் போடத் தடை சொல்லவில்லை. ஆனால் ஒரு டைரக்டராவது அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் வெளியே, அப்பா பேரனைப் பார்க்க ஏழு மாதம் ஆஸ்திரேலியா போனார் என்று ஒரு வீட்டில் இது இடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டின் குடிமகன் என்றால், 2022 ஜூனிலிருந்து உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதியும் தேவை. கொழும்பு உறவினரைச் சேர்க்க நினைப்பவர்கள் பதற வேண்டாம், நடுவில் கடல்தான் இருக்கிறது.

அவர் அங்கிருந்தே வீடியோவில் கலந்துகொண்டால் போதாதா?

சட்டப்படி போதும், மீட்டிங் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைக்கும் (கோரம்) கணக்கில் வரும். வருஷத்துக்கு நான்கு மீட்டிங், இரண்டுக்கு நடுவில் 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. சிறு கம்பெனி என்றால் அரையாண்டுக்கு ஒன்று போதும், இடையில் 90 நாளாவது இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் ஒரு மீட்டிங்குக்கும் வராதவரின் பதவி தானாகக் காலியாகிவிடும். லீவு சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

சட்டத்தைத் தாண்டி என் அனுபவம்: துபாயில் காரை ஓட்டிக்கொண்டே மீட்டிங்கில் இருக்கும் டைரக்டர் "ஓகே, ஓகே" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி நான் எழுதியதில்லை. வருஷத்தில் ஒரு மீட்டிங்காவது அவர் மில்லுக்கு நேரில் வந்து, களத்தில் செருப்பில்லாமல் நடந்துவிட்டு உட்காரட்டும்.

சேர்ப்பதற்கு முன் அவரிடம் என்ன கேட்கலாம்?

நான் கேட்பது இது: "நீங்கள் இருந்த ஊரில் நம் சரக்கை யார் வாங்குவார்? அவர் எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்?" இதற்குப் பதில் வந்தால் மேலே பேசலாம். சம்பளம், பதவி, எத்தனை பேர் கீழே வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்கு உதவும்.

கடைசியாக, மூத்த மாப்பிள்ளையைச் சேர்க்காமல் சின்னவரை மட்டும் சேர்த்தால் வீட்டில் பிரச்சினை வருமே?

வரும். அந்த நார்க் கம்பெனியில் இருவருமே போர்டில் இருந்தும் வந்தது. மாப்பிள்ளை இப்போது சரக்குப் போக்குவரத்தை மட்டும் பார்க்கிறார், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தரம் பற்றிய பேச்சு வந்தால் சின்னவர் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார். இரண்டு டம்ளரும் இன்னும் போர்டு ரூம் அலமாரியில்தான் இருக்கின்றன. ஒருமுறை யாரோ அதில் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எந்த டம்ளர்?" என்றார்.